அம்மா காத்த பூனைக்குட்டி

கவிழ்த்து வைத்த கோழிக்கூடைக்குள்ளிருந்து வந்த அந்தச் சீறல், காய்ந்த தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தது போல இருந்தது. உள்ளங்கையில் அடங்கிவிடுகிற குட்டியிடம் அப்படியொரு சத்தம் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. ஜவ்வாது மலையில் புதூர்நாட்டுப் பக்கம் எங்கள் வீடு. எழுபதுகளின் கடைசி; எனக்கு எட்டு வயது. யாரும் வளர்க்காத பூனை ஒன்று வைக்கோல் போருக்கடியில் போட்டிருந்த குட்டியை அண்ணன் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்திருந்தான். "இத்த வூட்டுல ஏத்தாத, கொண்டுபோய் வுட்டுடு" என்று அப்பா சொல்லிக்கொண்டிருக்கும்போதே நான் கூடைக்கடியில் கையை நுழைத்தேன். ஆள்காட்டி விரலின் அடியில் பற்கள் இறங்கிவிட்டன.

மறுநாள் அப்பா என்னை, தினமும் ஆள் ஏற்றி மலையிறங்கும் ஜீப்பில் ஏற்றி மலையடிவாரத்து டாக்டரிடம் கூட்டிப்போனார். காயத்தைக் கழுவிக் கட்டுப்போட்ட டாக்டர், என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அப்பாவிடம் வெகுநேரம் பேசினார். வீடு திரும்பியதும் அப்பா கேட்ட முதல் கேள்வி, "பூன இன்னும் வூட்டுல கீதா?" என்பதுதான்.

அன்றிலிருந்து வீட்டில் எல்லாமே தலைகீழாகிவிட்டது. குட்டியின் இடுப்பில் துணிக்கயிறு கட்டி, தானியக் குதிருக்குப் பக்கத்தில் ஒரு மூலையைக் கொடுத்தார்கள். பூனை என்றாலே முகம் சுளிக்கும் அம்மா, ஆட்டுப்பாலைக் கொட்டாங்குச்சியில் ஊற்றி நீளக் குச்சியால் அதன் முன்னே தள்ளிவைத்து, நேரே பார்த்தால் மிரளும் என்று முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வாள். மூன்றாம் நாள் அம்மா அங்கே இருக்கும்போதே அது பாலைக் குடித்தது. ஐந்தாம் நாள் அந்தக் குச்சியிலேயே கழுத்தைத் தேய்த்துக்கொண்டது. நிலத்துக்குப் போகும்போதும் வரும்போதும் அப்பா அதன் எதிரே குந்தி உட்கார்ந்து பார்ப்பார். அக்கம்பக்கத்தார்கூட, "பூன பால் குடிச்சிச்சா?" என்று கேட்டபடிதான் உள்ளே வருவார்கள். என்னை மட்டும் யாரும் கிட்டே விடவில்லை. என் குட்டியை எல்லோரும் பிடுங்கிக்கொண்டார்கள் என்று எனக்குக் கோபம். ஆனாலும் இவ்வளவு பேருக்கு அதைப் பிடித்துப்போனதே என்று உள்ளூரச் சந்தோஷம்.

ஏழாம் நாள் காலை குட்டி பாலைத் தொடவில்லை. கண்ணை மூடிச் சுருண்டு கிடந்தது. அம்மா குச்சியால் தொட்டும் எழவில்லை. அம்மா வாசலுக்கு ஓடி அப்பாவைக் கூவிக் கூப்பிட்டாள். ஏரை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்த அப்பா, அண்ணனிடம், "ஓடு, ஜீப்பு பொறப்படறதுக்குள்ள நிக்கச் சொல்லு" என்றார். குட்டியைக் காப்பாற்றத்தான் இத்தனை பாடு என்று எண்ணி நான் கேட்டேன்:

"பூனைய எதுலப்பா வச்சி எடுத்துக்கினு போறது?"

அப்பா என்னைப் பார்த்தார். "ஜீப்பு பூனைக்கு இல்லம்மா. உனக்கு."

பத்து நாளைக்குள் அந்தப் பூனைக்கு ஏதாவது ஆனால், அது வெறி பிடித்த பூனையாக இருக்கலாம். அப்படியானால் அன்றைக்கே என்னைப் பெரிய ஊருக்குத் தூக்கிப்போய்த் தொப்புளைச் சுற்றி ஊசி போட வேண்டும், இல்லையென்றால் நான் பிழைக்க மாட்டேன். டாக்டர் சொன்னது இதுதான் என்று அம்மா அழுதபடியே சொன்னாள். எனக்கு அழுகை வரவில்லை. ஆறு நாளாக எல்லோரும் அந்த மூலையில் பார்த்துக்கொண்டிருந்தது பூனையை அல்ல, என்னை.

அந்த நேரத்தில் குட்டி எழுந்து, முதுகை வளைத்து, எதையோ கக்கியது. அப்பா குனிந்து பார்த்தார். சுண்டெலியின் வால். கயிறு எட்டிய தூரத்தில் குதிருக்கடியில் மிச்சமும் கிடந்தது. வயிறு முட்டத் தின்றுவிட்டுத் தூங்கியிருக்கிறது. அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஜீப் எங்களுக்காகச் சற்று நேரம் நின்றிருந்துவிட்டுப் போனதாக அண்ணன் வந்து சொன்னான்.

பதினோராம் நாள் காலை அப்பா சாக்கை எடுத்தார். "கெடு முடிஞ்சிச்சு. காட்டுல வுட்டுட்டு வர்றேன்." அம்மா குச்சியை ஓரமாகப் போட்டுவிட்டு, அன்றுதான் முதன்முதலாகக் குட்டியைக் கையால் தூக்கினாள். அது சீறவில்லை. அதன் பிறகு ஆறு வருடம் எங்கள் வீட்டில் இருந்தது.

இப்போது கடிபட்ட அன்றே கையில் ஊசி போட்டுவிடுகிறார்கள். தொப்புளைச் சுற்றிப் போடும் ஊசியை என் பிள்ளைகள் கதையாகத்தான் கேட்டிருக்கிறார்கள். அந்தப் பத்து நாளும் சாமியிடம் எனக்காக என்ன வேண்டிக்கொண்டாள் என்று போன வருடம் அம்மாவிடம் கேட்டேன்.

"உன் பேர நான் எடுக்கவே இல்லடி" என்றாள். "பூன சாவக் கூடாதுன்னு மட்டுந்தான் வேண்டிக்கினேன்."