பழுதுக்கு முன் ஒரு படம்

பிளம்பர் ஸ்பேனரை எடுத்து நட்டில் மாட்டியதும் வீட்டுக்காரர் கையை நீட்டித் தடுக்கிறார். "இருங்க, இருங்க. முதல் படம் இன்னும் எடுக்கலை." சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருக்கிறது. அவர் தலையைச் சாய்த்துத் தொட்டிக்குள் விட்டு, கைபேசியைக் குழாயின் வாய்க்கு நேரே பிடித்து, சொட்டு விழும் கணத்துக்காக மூச்சை அடக்கிக் காத்திருக்கிறார். விழுகிறது. படத்தில் விழவில்லை, அவர் காதில் விழுந்துவிட்டது. "இன்னொரு சொட்டு பார்ப்போம்."

"சொட்டுக்கா சார் பஞ்சம்? மெதுவா எடுங்க. நான் டீ குடிச்சுட்டு வந்துடறேன்" என்று பிளம்பர் எழுந்துகொள்கிறார். இது அவருக்கு அங்கே மூன்றாவது டீ.

நான் குடியிருக்கும் மாடிக்கு நேர் கீழ்வீடு. படம் எடுக்கும் அந்த மனிதர், வேலை பார்த்த கம்பெனியை மூடிய பிறகு, ஐம்பது வயதுக்கு மேல், இணையத்தில் கட்டுரை எழுதிச் சம்பாதிக்கிறார். சொட்டும் குழாயை நிறுத்துவது எப்படி, கிறீச்சிடும் கட்டிலை அடக்குவது எப்படி என்று எல்லாத் தலைப்பும் ஒரே சொல்லில் முடியும். அதனால் தெருவில் அவருக்கு எப்படியார் என்று பெயர். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார், கோபப்பட மாட்டார்.

அவர் எழுதும் தளத்தில் ஒரு விதி உண்டு. பழுதாக இருந்தபோது ஒரு படம், சரிசெய்த பிறகு ஒரு படம். இரண்டும் எழுதியவரே எடுத்ததாக இருக்க வேண்டும். ஆகவே அந்த வீட்டில் எந்தப் பொருளும் கெட்டவுடன் சரியாவதில்லை. வெளிச்சம் சரியில்லை என்று ஒரு நாள் தள்ளும்; பின்னணியில் தேய்க்காத பாத்திரம் தெரிகிறது என்று இன்னொரு நாள். அந்தக் குழாய் பத்து நாள் சொட்டியதாக அவர் மனைவி ஊரெல்லாம் சொல்லிவருகிறார். பணியில் இருந்த காலம் முழுதும் மழையளவு குறித்துவைத்தவன் நான். சொட்டியது எட்டு நாள்தான்.

எதுவும் கெடாத வாரங்களில் மனிதர் வாடிப்போவார். "எல்லாம் நல்லாவே ஓடுது ஐயா, என்ன செய்யறதுன்னே தெரியலை" என்று மாடிக்கு வந்து பெருமூச்சு விடுவார். என் சுவர்க்கடிகாரத்தின் மேல் அவருக்கு நெடுநாளாக ஒரு கண். அது ஓடுகிறதே என்றேன். "ஓடினா என்ன, நிறுத்திடலாம்" என்றார். மைக்கறை பற்றி எழுத வேண்டியிருந்தபோது வீட்டில் கறை பட்ட துணி இல்லை. தம்முடைய புதுச் சட்டையிலேயே மையை ஊற்றிக்கொண்டார். முதல் படம் மிக அழகாக வந்தது. கறைதான் போகவில்லை. இரண்டாவது படத்துக்காக அதே நிறத்தில் இன்னொரு சட்டை வாங்க நினைத்தார். பிறகு மனச்சாட்சி உறுத்தியதால் அந்தக் கட்டுரையையே கைவிட்டார். மைச் சட்டையை இன்றும் போட்டுக்கொள்கிறார்.

நியாயமாக இதையும் சொல்ல வேண்டும். அவர் எழுதியதில் பொய் இருக்காது. ஒன்றுக்குள் ஒன்று சிக்கிய டம்ளர்களைப் பிரிக்க, உள்ளே பனிக்கட்டி போட்டு வெளியே வெந்நீரில் நிறுத்தச் சொல்லியிருந்தார். செய்து பார்த்தேன், பிரிந்தன.

சென்ற மாதம் அவர் மனைவிக்கு ஓட்டுநர் தேர்வு வந்தது. மூன்றாம் முறை. முதல் முறை வண்டியைப் பின்னால் எடுக்கும்போது கம்பத்தை இடித்தார். இரண்டாம் முறை கம்பத்தை விட்டுவிட்டு, தேர்வு நடத்துபவரை ஓட வைத்தார். முனை பேக்கரிக்காரர் தம்முடைய வேனை ஓட்டும் வேலையை அவருக்காக நிறுத்திவைத்திருந்தார். "இந்தத் தடவையும் இல்லைன்னா வேற ஆளைப் பார்த்துக்கறேம்மா" என்று கண்டிப்பாகவும் சொல்லிவிட்டார்.

தேர்வு நாள் காலையில் அந்த அம்மாள் குளித்து, உடுத்திக்கொண்டு, குளியலறைக் கதவைத் திறக்கப் பார்த்திருக்கிறார்.

"ஏங்க, தாழ்ப்பாள் நகர மாட்டேங்குது."

"நகரலையா?" அந்தக் குரலில் இருந்த மகிழ்ச்சி எனக்கு மாடியில் கேட்டது. "அப்படியே இரு. கை வைக்காதே."

"கை வைக்காம காலையா வைக்கிறது? ஒன்பது மணிக்கு டெஸ்ட்டுங்க."

"ஒரே ஒரு படம்."

"வெளியில இருந்து எடுத்தா சாத்தின கதவுதானே தெரியும்? ஊர்ல இல்லாத கதவா இது?"

யோசித்திருக்கிறார். "சரிதான். போனைக் கதவுக்கு அடியில தள்றேன், நீ உள்ளேருந்து எடு."

"தள்ளுங்க. நேரா பக்கெட்லதான் போடுவேன்."

நான் கீழே போனபோது அவர் கைபேசியும் கையுமாகக் கதவுக்கு முன்னால் நின்றிருந்தார். வழி என்ன என்று அவருக்குத் தெரியும். பழைய மரக்கதவு, கீல் தளர்ந்து இறங்கிவிட்டது. அதன் பாரம் முழுவதும் தாழ்ப்பாளின் மேல். வெளியே இருந்து கதவை மேலே தூக்கிப் பிடித்தால் உள்ளே இழுக்க வரும். ஆனால் தூக்க இரண்டு கையும் வேண்டும், எங்கள் வயதில் ஒரு ஆள் போதாது.

"ஏங்க" என்றது உள்ளேயிருந்து குரல். இந்த முறை அதட்டல் இல்லை. "இதுவும் போச்சுன்னா அவர் வேற ஆளை வச்சுக்குவாருங்க."

அவர் கைபேசியைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். பிறகு கைபேசியைத் தரையில் வைத்தார், திரை கீழே இருக்கும்படி கவிழ்த்து. அப்படி அவர் வைத்து நான் கண்டதில்லை. "ஐயா, அந்தப் பக்கம் பிடிங்க."

தூக்கினோம். தாழ்ப்பாள் நகர்ந்தது. அந்த அம்மாள் ஈரத் தலையோடு எங்கள் இருவரையும் தாண்டி ஓடினார். எப்படியார் திறந்த கதவைத் தடவிக்கொண்டு நின்றார். "எப்பேர்ப்பட்ட பழுது ஐயா. தானா வந்தது. நான் ஒண்ணுமே செய்யலை."

தச்சரைக் கூப்பிடுவோமா என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மாலையில் அந்த அம்மாள் திரும்பிவந்தபோது கையில் வேன் சாவி இருந்தது. கூடவே பிளம்பரும் வந்தார்.

"இவர் எதுக்கு? குழாய் நல்லாத்தானே இருக்கு?"

"கதவைத் தூக்க. மாடி ஐயாவை மறுபடியும் தூக்க விட்டா, அடுத்தது அவரைத் தூக்கணும். நீங்க கை காலியா நின்னு, கதவு இறங்கி நிக்கறதையும் இவர் தூக்கறதையும் படம் எடுங்க." சாவியை மேசையில் வைத்துவிட்டு அந்த அம்மாள் நேரே குளியலறைக்குள் போனார். தாழ்ப்பாளின் மேல் கை வைத்தார். "ம், சாத்தட்டுமா?"

பிளம்பர் தோளை உருட்டிக்கொண்டார். எப்படியார் கைபேசியைத் தூக்கினார், தாழ்த்தினார். "ஒரு நிமிஷம்மா" என்று கூடத்துக்கு ஓடினார். தாம் எழுத உட்காரும் நாற்காலியைத் தூக்கிவந்து குளியலறைக்குள் போட்டு, ஒரு கால் ஆடுகிறதா என்று அழுத்திப் பார்த்து, ஈரம் படாமல் அதன் கால்களுக்கு அடியில் தம்முடைய மைச் சட்டையை மடித்து வைத்தார். பக்கத்தில் ஒரு சொம்பு தண்ணீரும் வைத்தார்.

"உட்கார்ந்துக்கோ. வெளிச்சம் கொஞ்சம் கம்மியா இருக்கு."