பர்வதம் சித்தியின் மூன்றாம் ஆசிரமம்

சாம்பசிவன் சித்தப்பா பாலக்காட்டுச் சித்தூர்த் தாலூக் ஆபீசில் முப்பத்திரண்டு வருஷம் கிளார்க். அத்தனை வருஷமும் விருச்சிக மாசம் பிறந்தால் சபரிமலைக்கு மாலை போட்டுக்கொண்டு நாற்பத்தொரு நாள் பிரம்மசரியம் காத்தார் என்று தெருவில் அவருக்குப் பெயர். காத்தவள் பர்வதம் சித்தி. விடியுமுன் தலைக்குக் குளித்து, ஈரப் புடவையோடு அவருக்குத் தனி அடுப்பில் சமைத்து, மாசத்தில் மூன்று நாள் அவர் கண்ணில் படாமல் எங்கள் வீட்டுப் பின்கட்டில் வந்து ஒடுங்குவாள். ஒரு மனுஷன் தன் மனைவியைத் தொடாமல் இருக்க, அந்த மனைவி இத்தனை பாடுபட வேண்டியிருந்தது.

விரதம் இல்லாத மாசங்களில் அவர் ஆசிரம தர்மம் பேசுவார். "பிரம்மசரியம், கிருஹஸ்தம், வானப்பிரஸ்தம், சன்னியாசம். ஒரு படியை விட்டுட்டு அடுத்ததுல கால் வைக்கப்படாது, மனசிலாச்சோ?" என்பார். சித்தியிடம் மட்டும் மூன்றாவது படியைப் பற்றி விஸ்தாரமாகச் சொல்வார். "ரிட்டயர் ஆனா நமக்கு வானப்பிரஸ்தமாக்கும். இந்தக் காலத்துல காட்டுக்கு எங்கே போறது? ராமேஸ்வரம் போவோம். அந்த ஆசிரமத்துல பொண்டாட்டியும் கூட வரலாம்."

சித்தி கடலைப் பார்த்ததில்லை. கல்யாணமான ஆறாம் வருஷம் இந்த வார்த்தையை நம்பி, பழைய ஜமக்காளத்தில் ஒரு பை தைத்து டிரங்குப் பெட்டியில் வைத்தாள்.

1973இல் அவர் ரிட்டயர் ஆனார். முதல் வருஷம் முழங்கால் வலி என்றார். இரண்டாம் வருஷம் வெயில் தணியட்டும் என்றார். வெயில் தணிந்து, வைகாசி நடுவில் இடவப்பாதி மழை பிடித்தது, அவருக்கு நிமோனியா வந்தது.

டாக்டர் கையை விரிக்கவில்லை. பாலக்காட்டிலிருந்து ஓர் ஊசிமருந்து வாங்கி வரச் சொன்னார். சித்தி மழையில் பஸ் ஏறினாள். அவள் தலை மறைந்ததும் தெரு வைதிகர் ராமபத்ர சாஸ்திரிகள் கட்டிலருகே உட்கார்ந்தார்.

"சாம்பசிவா, போறதுன்னு ஆயிட்டா சன்னியாசியாப் போ. மறு ஜன்மமே கிடையாது."

இதற்கு ஆபத் சன்னியாசம் என்று பெயர். சாகக் கிடக்கிறவன் எல்லாவற்றையும் துறந்தேன் என்று சொல்லி, பூணூலை அறுத்தால் போதும். மனைவியின் சம்மதம் வேண்டும் என்பதும் சாஸ்திரம்தான். "அவள் வர்றதுக்குள்ள மூச்சு போயிடுத்துன்னா?" என்று சாஸ்திரிகள் அதைத் தள்ளிவிட்டார். சித்தப்பா பூணூலை அறுத்தார். எங்கள் தெருவில் இதற்கு முன் மூன்று பேர் வாங்கியிருக்கிறார்கள். மூவரும் மரியாதையாக இரண்டே நாளில் போய்ச் சேர்ந்தார்கள்.

சித்தப்பா பிழைத்துக்கொண்டார். சித்தி நனைந்துகொண்டு வாங்கி வந்த மருந்து அவரைப் பிழைக்க வைத்தது. ஒன்பதாம் நாள் காவித் துணியும் மொட்டைத் தலையுமாக எழுந்து உட்கார்ந்து, "பர்வதம், காப்பி கொண்டா" என்றார்.

தெரு கலங்கிவிட்டது. சன்னியாசத்தில் ஏறிவிட்டு இறங்குகிறவன் பதிதன், தர்மத்திலிருந்து விழுந்தவன். அவனுக்குப் பிராயச்சித்தமே கிடையாது. ஆகவே அவர் இறங்க முடியாது. சொந்த வீட்டில் இருக்கவும் கூடாது. ஆனால் ஆனிப் பௌர்ணமியன்று சாதுர்மாஸ்யம் தொடங்கிவிடும், மழைக்காலம் முடியும்வரை சன்னியாசி இடம் மாறக் கூடாது. மழை முடியும்வரை இங்கேயே இருந்து உடம்பு தேறட்டும் என்று சாஸ்திரிகளே ஒரு வழி கண்டுபிடித்தார். சித்தப்பா வாசல் அறையில் குடியேறினார். நேற்றுவரை சாம்பா என்று கூப்பிட்டவர்கள் சுவாமிகளே என்று காலில் விழுந்தார்கள். அது அவருக்குப் பிடித்துப் போயிற்று.

சன்னியாசி நெருப்பைத் தொடக் கூடாது. பூர்வாசிரம மனைவியின் முகத்தில் விழிக்கக் கூடாது. எனவே சித்தி பக்கத்துச் சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு நடமாடினாள். பிக்ஷையை வாசற்படியில் வைத்துவிட்டு ஓடினாள். சுவாமிகள் சுவரைப் பார்த்துச் சொல்வார்: "பிக்ஷையில உப்பு போறலை." நான் ரிஷிகேசம்வரை சுற்றிவிட்டு அந்த மாசம்தான் ஊர் திரும்பியிருந்தேன். காவிகளை நூற்றுக்கணக்கில் பார்த்தாயிற்று. சுவரோடு உப்புக் கணக்குப் பேசிய காவி இது ஒன்றுதான்.

பால்காரர் சின்னமுத்துவுக்கும் சந்தேகம். "ஏனுங்கம்மா, எல்லாத்தையும் உட்ட சாமிக்கு எதுக்குங்க தெனமும் அரைப்படிப் பாலு?"

"பாலை விடலையே சின்னமுத்து. என்னை மட்டுந்தானே விட்டார்" என்றாள் சித்தி.

ஒரு நாள் அவள் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டாள். "ஏன்னா, நான் மட்டுமாவது ராமேஸ்வரம் போயிட்டு வரட்டுமா?"

"அசடு. நீ போயிட்டா எனக்குக் காப்பி?" என்றது சுவர்.

சித்தி இரண்டு நாள் கழித்து, வழித்துணைக்கு வருவாயா என்று என்னைக் கேட்டாள்.

ஆனிப் பௌர்ணமியன்று வாசல் அறையில் பூஜை. தெருவே கூடியிருந்தது. எதிர்வீட்டுத் தர்மாம்பாள் மாமி தாம்பாளம் நிறையப் பழத்தோடு முன்னால் நின்றாள். கூட்டத்தைப் பிளந்துகொண்டு சித்தி வந்தாள். தோளில் அந்த ஜமக்காளப் பை. எல்லாரையும் போல விழுந்து நமஸ்காரம் செய்தாள்.

"ராமேஸ்வரம் புறப்படறேன். சுவாமிகள் உத்தரவு தரணும்."

நமஸ்காரத்துக்கு சன்னியாசி சொல்லக்கூடிய பதில் ஒன்றே ஒன்று, நாராயண நாமம். ஆசீர்வதிக்கவும் உரிமை இல்லை, தடுக்கவும் இல்லை. போகாதே என்றால் புருஷன். புருஷன் என்றால் பதிதன். அறுபது கண்கள் அவர் வாயைப் பார்த்தன. சித்தப்பா சாஸ்திரிகளைப் பார்த்தார்; சாஸ்திரிகள் தாம்பாளத்துப் பழத்தைப் பார்த்தார்.

"நாராயண" என்றார் சித்தப்பா, கசப்பு மருந்தை விழுங்கினவர் போல.

"ஆச்சு, உத்தரவு கிடைச்சுடுத்து" என்று மாமி உரக்கச் சொன்னாள். சித்தி எழுந்து, திரும்பிப் பார்க்காமல் படியிறங்கினாள்.

வாளையார் செக்போஸ்டில் லாரிகளுக்குப் பின்னால் பஸ் முக்கால் மணி நின்றது. அப்போதுதான் பையைத் திறந்து காட்டினாள். இரண்டு புடவைக்கு நடுவே வீட்டின் பித்தளைக் காபி பில்டர்.

"சித்தி!"

"என்னடி? நெருப்பைத் தொடாதவருக்கு இது எதுக்கு?"

ராமேஸ்வரத்தில் அவள் ஒரு மணி நேரம் முழங்கால் தண்ணீரில் நின்றாள். சங்கல்பம் செய்து வைக்க வந்த புரோகிதர் ஆத்துக்காரர் பெயர், கோத்திரம் கேட்டார்.

"அவர் சன்னியாசி. ரெண்டும் கிடையாது. பர்வதம்னு மட்டும் சொல்லுங்கோ."

மூன்றாம் வாரம் சத்திரத்துக்கு மாமியின் கடிதம் வந்தது. தெரு முறை வைத்துப் பதினோரு நாள் பிக்ஷை போட்டதாம். பிறகு ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு அசௌகரியம் வந்துவிட்டதாம். சுவாமிகள் மெலிந்துவிட்டார், மத்தியானத்தில் சமையலறைப் பக்கமே பார்த்துக்கொண்டிருக்கிறார், எப்போது வருகிறாய்?

சித்தி பில்டரைக் கழுவிக் கவிழ்த்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்கும் சாதுர்மாஸ்யம்னு எழுது. நடுவுல எடம் மாறப்படாது."