கணக்கருக்குப் புரிந்த தூரம்

காலை ஆறரை மணி. திருவிதாங்கூர் மலையில், சாந்தன்பாறை ஏலத்தோட்டத்தில் பேர் கூப்பிடும் இடத்தில் முதலில் கண்ணில் பட்டது, புதிதாக வந்த மலையாளக் கணக்கரின் கறுப்புக் குடை. மூன்று நாள் வேலைக்கு வராத என் அம்மாவை அவர் முன்னே அழைத்தார்.

“எந்தா வரலை?”

“தூரம்ங்கய்யா.”

மாதவிலக்குக்கு எங்கள் லயத்து, அதாவது தொழிலாளர் குடியிருப்பு வரிசையின், பெண்கள் வைத்திருந்த சொல் அது. எட்டு வயதான எனக்கு அது தெரியாது. கணக்கருக்கும் தெரியவில்லை.

“அவ்வளவு தூரமோ? சரி, நாளைக்கே இங்க ஏலக்காய் ஸ்டோருக்குப் பக்கத்து லயத்துக்கு மாறிக்கோ.”

பின்னால் நின்ற பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். “மூணு நாள் தூரத்துக்கு வீடே குடுத்துட்டாரு மதினி,” என்றாள் ஒருத்தி.

அம்மா சிரிக்கவில்லை. எங்கள் வீடு ஓடைக்கரையில் இருந்தது. விடியுமுன், யார் கண்ணிலும் படாமல், அந்த நாட்களின் துணிகளை அவள் அங்கேதான் அலசுவாள். மாற மாட்டேன் என்றால் கணக்கர் காரணம் கேட்பார். அதை இத்தனை ஆண்களுக்கு முன்னால் சொல்ல வேண்டிவரும்.

“சரிங்கய்யா,” என்றாள்.

மறுநாள் பாயும் பானையுமாக மாறினோம். புது வீட்டிலிருந்து ஓடை அரை மைல்.