மாம்பூக் காலத்து ஒற்றைத் தும்மல்

காலை ஏழு மணிக்கு நான் மாடியில் தும்மினால் கீழே ஒரு ஸ்கூட்டர் அணைந்துவிடும். வீட்டுக்காரர் லட்சுமம்மா அக்கா, வண்டியை ஸ்டாண்டு போட்டு நிறுத்திவிட்டு, உள்ளே போய் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்து, வாசலில் உட்கார்ந்து என் இரண்டாவது தும்மலுக்காகக் காத்திருப்பார். ஒற்றைத் தும்மல் ஆகாது, இரட்டை என்றால் போகிற காரியம் ஜெயம் என்பது அவர் கணக்கு. ஒருநாள் கீழிருந்தே குரல் கொடுத்தார்: "ஏம்மா, ஒண்ணோட நிறுத்திட்டியே. இன்னொண்ணு போட்டுடு, எனக்கு நேரமாச்சு." தும்மல் என்ன, கேட்டால் எடுத்துக் கொடுக்கிற சாமானா?

ஓசூருக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. பேரிகை போகும் சாலையில், மாந்தோப்பை ஒட்டிய மாடி வீடு. கணவர் லாரி ஓட்டுகிறார், வாரத்தில் இரண்டு நாள் வீட்டில் இருப்பார். எனக்கு ஆலையில் பெயின்ட் அடித்து வரும் பைக் டேங்குகளைப் பளிச்சென்ற விளக்கொளியில் திருப்பித் திருப்பிப் பார்த்து, கீறல் இருந்தால் ஒதுக்குகிற வேலை. நான் விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல்காட்டுக்காரி. களம் முழுக்க மிளகாய் வத்தல் காய, நடுவில் உட்கார்ந்து காம்பு கிள்ளிய மூக்கு என்னுடையது. சகுனம் பார்ப்பவர்கள் எங்கள் பக்கத்திலும் உண்டு. ஆனால் அங்கே பிள்ளைகள் தும்மினால் "நூறு" என்று ஆயுசைத்தான் வாழ்த்துவார்கள். வத்தல் நெடிக்கே அசையாத அந்த மூக்கு, தை பிறந்து தோப்பு பூத்ததும் ஓசூரில் சரணாகதி அடைந்துவிட்டது. கண் அரிக்கும், தொண்டை அரிக்கும், காதுக்குள்ளும் அரிக்கும். இதற்கிடையில் எட்டு வருடமாகச் சர்க்கரை வேறு கூடவே குடியிருக்கிறது. அதுவாவது சத்தம் போடாத குடித்தனம்.

இந்த வருடம் அக்காவின் மகளுக்கு நாகரசம்பட்டியில் மாப்பிள்ளை அமைந்தது. மாப்பிள்ளை வீடு பார்க்கப் புறப்பட்ட இரண்டு தடவையும் நான் மிகச் சரியாக ஒரே ஒரு தும்மல் போட்டேன். இரண்டு தடவையும் பயணம் தள்ளிப்போனது. அக்கா என்னை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. அவருடைய அண்ணன்தான், கல்யாணத்துக்கு முன்னாலேயே மாடிக்கு வேறு ஆள் பார்த்தால் என்ன என்று என் காதில் விழும்படி கேட்டார். ஆலைப் பேருந்து நிற்கும் இடம் இரண்டு நிமிட நடை, தண்ணீர்க் கஷ்டம் இல்லை, காய்ச்சல் என்றால் மிளகு ரசத்தோடு படியேறி வரும் வீட்டுக்காரர். இந்த வீட்டை நான் எப்படி விடுவேன்?

அன்று மாலையே மருந்துக்கடைக்குப் போய், நம் எல்லோருக்கும் பழகிய வாசகத்தைச் சொன்னேன்: "தும்மலுக்கு ஒரு செட்டு குடுங்க." மஞ்சளில் ஒன்று, வெள்ளையில் ஒன்று, கடுகை விடக் கொஞ்சம் பெரிதாக ஒன்று. என்ன மாத்திரை என்று நானும் கேட்கவில்லை, சர்க்கரை உண்டா என்று அவரும் கேட்கவில்லை. தும்மல் கப்சிப். பன்னிரண்டு நாள் வாங்கி வாங்கி விழுங்கினேன். ஆனால் தாகம் தாங்கவில்லை, ராத்திரியில் நாலைந்து தடவை எழுந்தேன். பதிமூன்றாம் நாள் கீறல் விழுந்த டேங்கை நல்லது என்று அனுப்பிவிட்டேன். சூப்பர்வைசர் அதைத் திருப்பிக் கொண்டுவந்து காட்டியபோதும் கீறல் என் கண்ணுக்குத் தெரியவில்லை. அப்போதுதான் பயந்தேன். வீட்டுக்கு வந்து விரலைக் குத்திப் பார்த்தால் சர்க்கரை முந்நூற்று எண்பத்தாறு.

டாக்டரம்மா மீதி மாத்திரைகளை மேசையில் கொட்டச் சொல்லி, அந்தக் குட்டியைத் தனியே ஒதுக்கினார். ஸ்டீராய்டு. தும்மலை அடக்கும், சர்க்கரையை ஏற்றிவிடும். மூக்கில் அடிக்க ஸ்பிரேயும், சர்க்கரையைத் தொந்தரவு செய்யாத மாத்திரையும் கொடுத்தார். மாம்பூவோ, பனியோ, ஆலைத் தூசியோ, எதனால் என்று அடித்துச் சொல்ல முடியாது, முகக்கவசம் போடு, தும்மல் அடியோடு நிற்காது, குறையும் என்றார். விஷயம் ஊருக்கு எட்டியதும் என் அண்ணன் போனில் பிடித்துக்கொண்டான்: "அங்கன என்னத்துக்குத் தாயி கெடந்து சீரழியுத? பேசாம வந்துரு." எனக்கும் ஒரு மனம் போய்விடலாம் என்றது.

கண் தெளிந்து, எண்ணும் இறங்கியபின் அக்காவிடம் உள்ளதைச் சொன்னேன். மாத்திரையை நிறுத்திவிட்டேன், இனி தும்முவேன், வேண்டுமானால் வீட்டைக் காலி செய்கிறேன் என்றேன். அவர் தலை நிமிராமல் தட்டில் இருந்த அவரைக் கொட்டையைத் தோலுரித்துக்கொண்டே இருந்தார். அதை நான் தப்பாகவே புரிந்துகொண்டு, மேலே போய் அட்டைப்பெட்டிகளை எடுத்து வைத்தேன்.

வெள்ளிக்கிழமை அவர்கள் மூன்றாம் முறையாகப் புறப்பட்டார்கள். நான் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டு, முகத்தில் துண்டை அழுத்திக்கொண்டேன். கார்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்கிற நேரத்தில், துண்டையும் மீறி வந்தது. ஒன்றே ஒன்று. கீழே அக்காவின் அண்ணன் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, நாற்காலியை இழுத்து உட்காருகிற சத்தம் கேட்டது.

"அண்ணா, எழுந்திரு," என்றார் அக்கா. "அவ தும்முனா சகுனம் இல்ல, ஒடம்பு. நம்ம காரியத்துக்கோசரம் அவ கண்ணையே கெடுத்துக்க இருந்தா. அவ நல்லா இருந்து தும்மட்டும். வண்டிய எடுங்க."

துண்டு நனைந்தது தும்மலால் மட்டும் இல்லை. சாயங்காலம் தாம்பூலம் மாற்றிய சேதியோடு படியேறி வந்தவர், அட்டைப்பெட்டிகளைப் பார்த்து, பழைய பேப்பர் போட இவை உதவும் என்று இரண்டைத் தூக்கிக்கொண்டு போனார்.

மாசி சிவராத்திரிக்குக் குலசாமி கும்பிட ஊருக்குப் போனேன். ஐந்து நாள், ஒரு தும்மல் இல்லை. பார்த்தாயா, உன் உடம்பே சொல்கிறது என்று அண்ணன் வென்றுவிட்டான். அவன் சொன்னதில் பொய் இல்லை, மூச்சு அத்தனை லேசாக இருந்தது. இருந்தாலும் ஆறாம் நாள் பஸ் ஏறினேன். கிருஷ்ணகிரி தாண்டி, சாலையின் இருபுறமும் தோப்புகள் தொடங்கியதும், முகக்கவசத்துக்குள் அடுத்தடுத்து நாலு தும்மல். பக்கத்து இருக்கைப் பெண்மணி பதறி, என்னம்மா ஆச்சு என்றார். மூக்கைத் துடைத்துக்கொண்டு, "ஒண்ணுமில்லங்க, எங்க ஊரு வந்துருச்சு," என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே கேட்டது.