காந்தா விட்ட பக்கம்

ஆஸ்டின் டவுனில் கல்லூரி வாசலுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் காந்தா, ஐந்தாவதுக்கு மேல் படித்ததில்லை. இங்கிலீஷ் எழுத்தெல்லாம் அவளுக்குக் கோலம் மாதிரிதான். ஆனாலும் எந்தப் புத்தகத்திலும் அட்டைக்குப் பின்னால் பொடி எழுத்தில் ஒரு பக்கம் இருக்கும் என்பது தெரியும். ஆறு வருஷத்துக்கு முன் பக்கத்துக் கடைக்குப் போலீசோடு வந்த பதிப்பகத்து ஆள், அந்தப் பக்கத்தைத்தான் தட்டித் தட்டிக் காட்டினார். முழுப் புத்தகம் ஜெராக்ஸ் போட்டதற்காக அந்தக் கடை மெஷினையே தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அன்றோடு முழுப் புத்தகம் போடுவதை விட்டாள் காந்தா. நாலு பாடம் கேட்டால் போடுவாள். பொடி எழுத்துப் பக்கத்தை மட்டும் தொடமாட்டாள்.

போன வாரம் புள்ளியியல் நடத்தும் சஹானா மேடம் பென் டிரைவோடு வந்தார். அவரும் இன்னும் நாலு பேரும் சேர்ந்து எழுதி, இன்டர்நெட்டில் எல்லோருக்கும் இலவசமாக விட்ட புத்தகம். "முழுசா போடுங்க, ஒரு கேசும் வராது" என்றார். காந்தா சாமியைக் கும்பிட்டு மெஷினை ஓட்டினாள். கைப்பழக்கம், பொடி எழுத்து இருந்த இரண்டாம் பக்கத்தைத் தள்ளிவிட்டது. நாற்பது புத்தகமும் பிள்ளைகள் கைக்குப் போயாயிற்று.

இன்று மத்தியானம் மேடம் ஒரு புத்தகத்தோடு வந்து நின்றார்.

"காந்தாம்மா, எங்க அஞ்சு பேர் பேரும் எங்கே?"

"அது கேஸ் பக்கமாச்சே மேடம்!"

"ராமா! மத்த புக்ல அது தொடாதேன்னு சொல்ற பக்கம். இதுல எடுத்துக்கோன்னு சொல்ற பக்கமே அதுதான். எழுதினவங்க பேரும், எடுத்துக்கோன்னு சொல்ற ரெண்டு வரியும் கூடவே இருக்கணும். நாங்க கேட்டது அது ஒண்ணுதான்."

"அப்போ நான் திருடிட்டேனா மேடம்?"

"சேச்சே. பரவாயில்ல, அடுத்த தடவை போடுங்க."

அடுத்த தடவை என்பது அவள் மனசுக்கு ஒப்பவில்லை. இன்றோடு வகுப்பு முடிகிறது. பரீட்சை லீவுக்குப் பிள்ளைகள் திசைக்கு ஒருவராகப் போய்விடுவார்கள். அந்தப் பக்கத்தை நாற்பது காப்பி எடுத்தாள், ஷட்டரை இறக்கினாள், பசை பாட்டிலோடு கல்லூரி வாசலில் போய் நின்றாள்.

"என்ன ஆன்ட்டி, எலெக்‌ஷன்ல நிக்கிறீங்களா? நோட்டீஸ் ஒட்டுறீங்க!" என்றான் சுதீர், அந்த வகுப்புப் பையன்.

"வாயை மூடிட்டு புக்கை நீட்டுடா."

பசை வழிந்து விரலோடு விரல் ஒட்டியது. பையைத் திறக்காமல் நழுவியவர்கள் பின்னால் ஓடினாள். மாரியாத்தா, ஒருத்தரும் தப்பக்கூடாது. நாலரை மணிக்குக் கையில் ஒரே ஒரு பக்கம் மிஞ்சியது. வைஷ்ணவி கடைசி வகுப்புக்கு வராமலே ஓசூர் பஸ் ஏறிவிட்டாளாம். சுதீர் தன் போனில் அவளைக் கூப்பிட்டுக் கொடுத்தான்.

"நான் சில்க் போர்டு தாண்டிட்டேன் ஆன்ட்டி. ஒரு பக்கம்தானே!"

"ஒரு பக்கம்தான் கண்ணு. அஞ்சு பேர் பாடுபட்டது அதுலதான் இருக்கு. சுதீர் போட்டோ அனுப்புவான், பார்த்து உன் புக்ல எழுதிடு."

பத்து நிமிஷத்தில் பதில் படம் வந்தது. பஸ் குலுக்கலில் கோணிய எழுத்து. காந்தா மிஞ்சிய பக்கத்தைப் போனுக்கு அருகில் வைத்து ஒவ்வொரு பேராக விரல் ஓட்டினாள். ஐந்தும் இருந்தது. பேர்களுக்குக் கீழே வர வேண்டிய வரிகள் மட்டும் இல்லை.

சுதீருக்கு பஸ் வந்துவிட்டது. காந்தா போனைக் கொடுக்கவில்லை. வைஷ்ணவியை மறுபடி கூப்பிடச் சொன்னாள்.

"பேர் ஆச்சு கண்ணு. கீழே ரெண்டு வரி பாக்கி. எடுத்துக்கோன்னு சொல்றதே அதுதானாம். சிக்னல்ல பஸ் நிக்கும்ல, அப்போ எழுது. நான் லைன்லயே இருக்கேன்."