விருந்தாளி எண்ணெய்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில். அதனாலேயே அந்த நாட்களில் என்னைப் பொறுத்துக்கொண்டவர்களுக்கு நான் நன்றிக்கடன் பட்டிருக்கிறேன். முதலில், கோவை கணபதியில் டிரான்ஸ்பார்மர் ரிப்பேர் பட்டறை நடத்தும் அந்தத் தம்பதிக்கு.

நான் பொறியியல் கல்லூரி ஆசிரியை. டிரான்ஸ்பார்மருக்குள் இருக்கும் எண்ணெய் சூட்டையும் இறக்கும், மின்சாரம் கண்ட இடத்தில் தாவாமலும் தடுக்கும். அதில் கண்ணுக்குத் தெரியாத நானோ துகள்களைக் கலந்தால் இன்னும் அதிக மின்னழுத்தத்தைத் தாங்கும் என்று காட்டுவதுதான் என் பிஎச்.டி. கல்லூரியின் எண்ணெய் டெஸ்டர் பழுதாகிக் கிடந்தது. பட்டறைக்காரர்தான், "நம்மளுது சும்மாதானுங்க கெடக்குது, வந்து செஞ்சுக்கோங்க" என்றார்.

டெஸ்டர் பெரிய சமாச்சாரமில்லை. ஒரு கண்ணாடிக் கிண்ணம், அதற்குள் எதிரெதிரே இரண்டு பித்தளை உருண்டைகள். எண்ணெயை ஊற்றி மின்னழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் உருண்டைகளுக்கு நடுவே பொறி தாவும். எவ்வளவு தாமதமாகத் தாவுகிறதோ அவ்வளவு நல்ல எண்ணெய். என் நானோ எண்ணெயிலோ, சாதா எண்ணெயைவிடச் சீக்கிரமே தாவியது. எத்தனை முறை செய்தாலும் அதே கதி. அடுத்த ரிவ்யூவிலும் இப்படியென்றால் தலைப்பையே மாற்றிவிடலாம் என்றார் என் கைடு. வருடக்கணக்கான பாடு தண்ணீரில் போகும்.

துகள் விற்றவரிடம் போனில் எரிந்து விழுந்தேன். டெஸ்டரையும் திட்டினேன். பட்டறைக்காரரின் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், பக்கத்தில் டீயை வைத்துவிட்டு, "செத்த ஆறட்டுமுங்க அம்மணி" என்றார். டீயைச் சொன்னாரா என்னைச் சொன்னாரா, தெரியாது.

ரிவ்யூவுக்கு முந்தின வாரம், மீட்டர் முள்ளைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மின்னழுத்தம் ஏற ஏற, மயிரிழை போல ஏதோ மிதந்து வந்து இரண்டு உருண்டைகளுக்கும் நடுவே பாலம் கட்டியது. பொறி அதன் வழியாகவே தாவியது. பஞ்சிழை.

"ஏனுங்கக்கா, இந்தக் கிண்ணத்த யாராச்சும் தொடச்சீங்களா?"

"நாந்தானுங்க" என்றார், பெருமையாக. "நம்ம எண்ணெய்னா அப்படியே ஊத்திக்குவோம். உங்களுது ஒசத்தி எண்ணெயாச்சே, வந்த விருந்தாளிக்கு எச்சப் பாத்திரத்துலயா வெக்கறது? நீங்க ஊத்தறக்கு முன்னால ஒவ்வொருக்காவும் புது பனியன் வேஸ்ட்டுல தொடச்சுப்போடுவனுங்க."

திருப்பூரில் பனியன் வெட்டிய மிச்சத் துணி. எங்கள் பக்கத்தில் அது ஒரு மூட்டை இல்லாத பட்டறை கிடையாது. சாதா எண்ணெய்க்குக் கிடைக்காத மரியாதைதான் என் எண்ணெயைக் கவிழ்த்திருக்கிறது.

என் முகத்தைப் பார்த்ததும் அவர் முகம் சுண்டிப்போனது. "கெடுத்துப்போட்டனுங்களா கண்ணு?"

வந்திருக்க வேண்டிய கோபம் அன்று வரவேயில்லை. இதைத் துணியால் துடைக்கக் கூடாது, ஊற்றப்போகும் எண்ணெயாலேயே அலச வேண்டும் என்று சொன்னேன். அவரே நானோ எண்ணெயைக் கொஞ்சம் விட்டு, இழை போகும்வரை திரும்பத் திரும்ப அலசிக் கொட்டினார். பிறகு நிரப்பி, நுரை அடங்கக் காத்திருந்தோம்.

முள் ஏறியது. சாதா எண்ணெய் நின்ற இடத்தைத் தாண்டியும் ஏறியது. பட்டறைக்காரர் ஓடிக்கொண்டிருந்த கிரைண்டரை நிறுத்திவிட்டு வந்து நின்றார். பொறி தாவியபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அக்கா முந்தானையைக் கையில் எடுத்துக்கொண்டு என் முகத்தருகே வந்தவர், சட்டென்று நின்றார்.

"அம்மணி, இதத் தொடைக்கலாமுங்களா?"

தாராளமாகத் துடைக்கச் சொன்னேன்.