உச்சி எட்டினாரா?

மெக்கானிக்கின் தொழில் துணி துவைக்கும் மெஷின்களை ரிப்பேர் செய்வது. வாரம் முழுக்க யார் யார் வீட்டுக் குளியலறைத் தரையிலோ மண்டியிட்டு, மெஷினுக்குள் தோள் வரை கையை விட்டு, அவர்கள் தொலைத்த ஒற்றைச் சாக்ஸையும் சட்டைப் பித்தான்களையும் வெளியே இழுத்துப் போடுவான். ஞாயிற்றுக்கிழமை அதே கைகளால் கிதார் வாசிப்பான். இதில் எது பிழைப்பு, எது கிறுக்கு என்று கேட்டால் மாற்றித்தான் சொல்வான்.

ராக் பேண்ட் என்றதும் பெரிய மேடை, புகை, கூச்சல் போடும் கூட்டம் என்றெல்லாம் கற்பனை பண்ண வேண்டாம். இவர்கள் வாசித்த இடங்களைச் சொன்னால் சிரிப்பு வரும். சோபாக் கடையின் பின்பக்கம் வாசித்திருக்கிறார்கள். கார் ஷோரூம் திறப்பில் வாசித்தபோது மேனேஜர் வந்து, "கஸ்டமர் பேசுறது கேக்கல, கொஞ்சம் சத்தமில்லாம வாசிங்க" என்றார். ராக் இசையைச் சத்தமில்லாமல் வாசிப்பது எப்படி என்று அவரே ஒரு தடவை பாடிக் காட்டியிருக்கலாம். ஒரு பாரில் இவர்கள் தலைக்கு மேலே டீவியில் பந்தாட்டம் ஓடிக்கொண்டிருந்தது. கோல் விழுந்ததும் எல்லோரும் எழுந்து கைதட்ட, பாஸ் கிதார் வாசிக்கும் பார்பர் பெரிய மனதோடு அதற்கும் தலை குனிந்து நன்றி சொன்னார். டிரம்ஸ் வாசிப்பவர் மழலையர் பள்ளி டீச்சர். இந்தச் சத்தத்தை எப்படித் தாங்குகிறீர்கள் என்று யாராவது கேட்டால், "நாள் பூரா அந்தப் பிள்ளைங்களோட இருந்துட்டு வர்றேன், எனக்கு இதுதாங்க அமைதி" என்பார்.

இப்படிப்பட்ட பேண்டை எவன் திரும்பக் கூப்பிடுவான்? கூப்பிட்டார்கள். காரணம், சைரன் என்று பட்டப்பெயர் வாங்கிய பாடகர். மெக்கானிக்கின் அக்கா வீட்டுக்காரர்தான் சைரன். பகலில் டிரைவிங் ஸ்கூலில், "கிளட்ச்சை விடாதீங்க, விடாதீங்க" என்று கத்திக் கத்திப் பிழைக்கிற மனிதர். இவர்களே கட்டிய ஒரு பாட்டு உண்டு, எப்போதும் கடைசியில்தான் வரும். அதன் முடிவில் அவர் குரல் படிப்படியாக ஏறி ஓர் உச்சியில் போய் நிற்கும். நிற்கும் என்றால் அப்படியே நிற்கும். டீவி பார்த்தவன் திரும்புவான், சண்டை போட்டவன் வாயை மூடுவான். அக்கா அந்த உச்சியைக் கேட்டுத்தான் அவரைக் கட்டிக்கொண்டாள். பேண்டுக்கு இருந்த ஒரே சொத்தும் அதுதான்.

பிறகு அவர் தொண்டையில் ஒரு கட்டி வந்தது. குரல் நாண் மேலேயே உட்கார்ந்திருந்ததை ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். பேசாமல் இருக்கச் சொன்ன காலமெல்லாம் பேசாமல் இருந்தார். ஒருவழியாக டாக்டர் பாடலாம் என்றதும் மறுபடி மேடை ஏறினார். அன்றைக்கு உச்சியில் குரல் உடைந்தது. முன்வரிசையில் குடித்துக்கொண்டிருந்த ஒருவன் அந்த உடைந்த சத்தத்தை அப்படியே செய்து காட்டினான். சுற்றியிருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நாசமாய்ப் போகிறவர்கள்.

சைரன் வீட்டுக்குப் போய்ப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. சாப்பாடு வேண்டாம், ஷேவிங் வேண்டாம், டிரைவிங் ஸ்கூலிலிருந்து போன் வந்தால் எடுப்பதும் இல்லை. அக்கா தம்பியைத் தேடி வந்து, அழக்கூடத் தெம்பில்லாமல் நின்றாள்.

"எப்படியாவது அவரைப் பாட வெச்சிடுடா. இப்படியே கிடந்தா எனக்குப் பயமா இருக்கு."

மெக்கானிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கடைசியில் அவனுக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தைச் செய்தான். கிதாரின் கம்பிகள் எல்லாவற்றையும் அரைச் சுருதி தளர்த்தினான். பார்பரையும் அதேபோல் தளர்த்தச் சொன்னான். டிரம்ஸுக்கு இந்த வம்பில்லை, டீச்சர் வாயை மூடிக்கொண்டால் போதும். பாட்டு மொத்தமும் ஒரு படி கீழே இறங்கிவிடும், கேட்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. இந்த மாதிரி இடங்களில் வைக்கும் ஸ்பீக்கர்களில் பாடுகிறவருக்கே தன் குரல் பாதிதான் காதில் விழும். சைரன் எந்த வாத்தியமும் வாசிக்கிறவர் அல்ல. கிதார் எங்கே தொடங்குகிறதோ அங்கே அவரும் தொடங்குவார்.

அடுத்த ஞாயிறு, கடைசியாக ஒரே ஒரு தடவை என்று கெஞ்சி அவரை மேடை ஏற்றினான், உச்சி வந்தது. சைரன் பார்க்கிங்கில் மச்சினனைக் கட்டிப்பிடித்து, "வந்துருச்சு மச்சான், போன உசுரு வந்துருச்சு" என்று குழந்தை மாதிரி அழுதார். மெக்கானிக்கும் அழுதான். அன்று ராத்திரி வேனிலிருந்த, அந்தப் பாட்டின் பழைய ரெக்கார்டிங்கை எடுத்துத் தன் டூல் பெட்டிக்கு அடியில் மறைத்து வைத்தான். சைரன் அதைத் தேடுபவர் அல்ல. தன் குரலைத் தானே கேட்பது கண்ணாடி முன்னால் உட்கார்ந்து சாப்பிடுகிற மாதிரி என்பார்.

அன்று முதல் ஒரு வழக்கம் வந்தது. ஒவ்வொரு நிகழ்ச்சியும் முடிந்ததும் அக்கா தம்பிக்குப் போன் செய்வாள். கூட்டம் வந்ததா, சாப்பிட்டாயா, எதுவும் கிடையாது.

"உச்சி எட்டினாரா?"

"எட்டிட்டாருக்கா."

"அப்பாடா" என்று வைத்துவிடுவாள். புருஷன் பாட்டில் இத்தனை மயக்கமா என்று அவன் மனதுக்குள் கேலி செய்துகொள்வான்.

சில மாதம் போனதும் ஒத்திகையில் சைரனின் குரல் உச்சிக்குக் கீழேயே கரகரத்தது. அவர் இருமிச் சமாளித்தார். டிரைவிங் ஸ்கூலில் கத்துவதால்தான் என்று மெக்கானிக் தனக்குத் தானே சொல்லிக்கொண்டு இன்னொரு அரைச் சுருதி இறக்கினான். அதற்கப்புறம் இன்னொன்று. தளர்ந்த கம்பிகள் விரலுக்கடியில் கொழகொழவென்று ஆட, தடித்த கம்பியாக வாங்கிப் போட்டான்.

"இன்னும் இறக்கினா கம்பியில துணி காயப்போடலாம்" என்றார் பார்பர். பிறகு சிரிக்காமல் சொன்னார், "சொல்லிடலாம்ப்பா. எனக்கு இது நல்லதா படல."

"சொன்னா மறுபடி படுத்துடுவாரு. அக்கா மூஞ்சிய நீங்க பாக்கல."

நாலாவது தடவையும் இறக்கினான். இதற்கும் கீழே போனால் எங்கே போவது என்று அவனுக்குத் தெரியவில்லை. நிகழ்ச்சிக்கு முந்தின நாளெல்லாம் மெஷினுக்குள் கையை விட்டபடியே மறந்துபோய் உட்கார்ந்திருப்பான், வீட்டுக்காரர்கள் வந்து எட்டிப் பார்ப்பார்கள்.

போன ஞாயிறு சாயங்காலம், பந்து உருட்டி விளையாடும் ஒரு கூடத்தின் கீழ்த்தளத்தில் வாசிக்க வேண்டியிருந்தது. மேலே பந்து விழும்போதெல்லாம் கூரை அதிர்ந்தது. மெக்கானிக் குனிந்து ஒயர்களைச் செருகிக்கொண்டிருந்தான். அங்கே சவுண்டு பார்க்கும் ஆள் நல்ல மனுஷன், இவர்கள் பாட்டென்றால் உயிர். மேடை தயாராகும்வரை கூட்டம் சலித்துப்போகக் கூடாதென்று தானாகவே ஒரு காரியம் செய்தான். எங்கேயோ தேடிப்பிடித்து வைத்திருந்த இவர்களுடைய பழைய ரெக்கார்டிங்கை ஓடவிட்டான்.

முதல் அடி காதில் விழுந்ததும் மெக்கானிக் ஒயரைக் கீழே போட்டான், இது இறக்காத பழைய சுருதி. நிமிர்ந்து பார்த்தான். சைரன் சிரித்துக்கொண்டே மைக்கை எடுத்துவிட்டார்.

"நம்ம பாட்டு" என்று கூட்டத்திடம் சொல்லி, ரெக்கார்டிங்கோடு சேர்ந்து பாட ஆரம்பித்தார்.

"நிறுத்துங்க" என்று கத்தினான் மெக்கானிக். யாருக்கும் கேட்கவில்லை. தோளில் கிதாரோடு ஓடினான், அதன் ஒயர் பெட்டியில் மாட்டி இழுத்ததில் முழங்கால் தரையில் மோத விழுந்தான். எழுந்து, நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு போனான். சவுண்டு ஆள் இவனைப் பார்த்து, நன்றாக இருக்கிறதா என்று கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான்.

அதற்குள் பாட்டு ஏற ஆரம்பித்துவிட்டது. இரண்டு சைரன்கள் பாடினார்கள். பழைய சைரன் படிப்படியாக ஏறினார். இவர் பாதியிலேயே தடுமாறினார், விட்டார், மறுபடி பிடிக்கப் பார்த்தார். உச்சி வந்தபோது அவர் வாய் திறந்திருந்தது, கழுத்து நரம்பு புடைத்திருந்தது, வந்தது வெறும் காற்று. ரெக்கார்டிங்கில் அந்த உச்சி சாவகாசமாக நின்றது, அவர் அதைக் கேட்டுக்கொண்டே நின்றார். கூட்டம் இதுவும் ஏதோ வேடிக்கை என்று கைதட்டியது.

சைரன் மைக்கைத் தாங்கியில் பத்திரமாக மாட்டினார். மெக்கானிக்கின் தோளில் தொங்கிய கிதாரின் தடித்த கம்பிகளைப் பார்த்தார். பிறகு படி இறங்கிப் பின்னறைக்குப் போனார்.

பின்னறையில் வாடகைக்கு விடும் ஷூக்கள் அலமாரி நிறைய இருந்தன, அடுத்தவர் கால் நாற்றம் குப்பென்று அடித்தது. சைரன் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வாசலில் பார்பரும் டீச்சரும் உள்ளே வரத் துணியாமல் நின்றார்கள்.

"எவ்வளவு இறக்கியிருக்கே?"

"அத்தான்..."

"எவ்வளவுடா?"

"நாலு தடவை. அரை அரையா."

"எப்பலேர்ந்து?"

"நீங்க படுத்து எழுந்தீங்களே, அப்பலேர்ந்து. உங்களை அப்படிப் பாக்க முடியல அத்தான்."

அறைவார் என்று எதிர்பார்த்தான். அறைந்திருந்தால் தேவலை. அவர் கையைத் தொண்டையில் வைத்துக்கொண்டார்.

"டாக்டர் ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாரு. ஆரம்பத்துல குரல் உடையறது சகஜம், ஆனா கட்டி மறுபடி முளைச்சா மொதல்ல உச்சிதான் போகும், ஒரு தடவை எட்டினப்புறம் எட்டலைன்னா அன்னைக்கே ஓடி வா, அப்ப வந்தா குரலக் காப்பாத்திடலாம், தள்ளிப்போட்டா குரலே இருக்காதுன்னாரு. நீங்கள்லாம் பயந்து பேண்ட விட்டுடுவீங்கன்னு ஒங்க அக்காகிட்ட சத்தியம் வாங்கி, சொல்லவிடாம வெச்சிருந்தேன்." மூச்சு வாங்கிக்கொண்டார். "நான்தான் ஒவ்வொரு வாரமும் எட்டுறேனேன்னு டாக்டர் பக்கமே போகலடா."

மெக்கானிக் தரையில் உட்கார்ந்துவிட்டான். தலையில் கையை வைத்துக்கொண்டான். பார்பர் முகம் செத்துப்போயிருந்தது. டீச்சர் புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டார். மேலே யாரோ உருட்டிய பந்தில் கூரை அதிர்ந்தது, ஆரவாரம் கேட்டது.

அவன் சட்டைப்பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தான், அக்கா. நிகழ்ச்சி முடிந்திருக்கும் என்று நினைத்துக் கூப்பிடுகிறாள். அவன் சைரனைப் பார்த்தான். அவர் கையை நீட்டினார், பிறகு என்ன நினைத்தாரோ மடக்கிக்கொண்டு, நீயே சொல் என்று தலையை அசைத்தார்.

"என்னடா, உச்சி எட்டினாரா?"

"எட்டலக்கா."

அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்த சத்தம் நின்றது. அவள் எதையோ பிடித்துக்கொண்டு உட்காருவது கேட்டது.

"பரவால்ல, பரவால்லடா. காலையில மொத வேலையா கூட்டிட்டுப் போயிடலாம். உடனே வந்தா காப்பாத்திடலாம்னு டாக்டர் சொல்லியிருக்காரு." அவள் குரல் பதறியது. "இன்னைக்குத்தானே எட்டல? இன்னைக்கு மட்டுந்தானே?"

சைரன் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லக்கா" என்றான்.